நான்காவது சேவல்

பதினான்கு மாதமாக எங்கள் கோழிகளில் ஒன்றுகூடத் தும்மவில்லை. கேட்பவர்களுக்கு இது நல்ல செய்தி. எனக்கு மட்டும் இதை நம்ப முடியவில்லை.

நான் சுகிர்தா, கால்நடை மருத்துவர். பல்லடத்துக்கு அருகே ஒரு கறிக்கோழிக் கம்பெனியில் தீவன ஆராய்ச்சி என் பொறுப்பு. கோழித் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலக்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு பண்ணைகள் பட்ட பாடு சொல்லி மாளாது. ஐயாயிரம் குஞ்சு விட்ட கொட்டகையில், அதாவது செட்டில், முப்பதாம் நாள் நாலாயிரம் நின்றால் அதுவே பெரிய விஷயம். அந்தச் சமயத்தில்தான் நான் ஒரு பொடி செய்தேன். கீழாநெல்லி, வேப்பிலை, மஞ்சள், பூண்டு, வெளியே சொல்லக் கூடாத இன்னும் இரண்டு தழைகள். டன் தீவனத்துக்கு அரைக் கிலோ. கம்பெனி அதற்கு வைத்த ஆங்கிலப் பெயர் பண்ணைக்காரர்கள் வாயில் நுழையவில்லை. தழைப்பொடி என்றார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

முதலில் யாரும் நம்பவில்லை. விவசாயிகள் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, இதைத் தின்ற கோழியை மனுசன் தின்றால் என்ன ஆகும் என்று கேட்டார். மேடையில் இருந்த மூட்டையைப் பிரித்து ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. அதன் பிறகு எந்த ஊர்க் கூட்டத்துக்குப் போனாலும் கரண்டியைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். போகப் போக எனக்கே அது பழகிப்போனது. காலையில் மோரில் அரைக் கரண்டி கலக்கிக் குடிக்காவிட்டால் அன்றைக்கு என்னவோ குறைந்த மாதிரி இருக்கும்.

பொடி வேலை செய்தது. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே செய்தது. ஒவ்வொரு செட்டின் கூரையிலும் ஒரு சின்னக் கருவி தொங்குகிறது. கோழி இருமுகிறதா, தும்முகிறதா, மூச்சில் கரகரப்பு இருக்கிறதா என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். சத்தம் வந்தால் சிவப்பு விளக்கு, இல்லாவிட்டால் பச்சை. பண்ணைக்காரர்கள் அதைக் காது என்பார்கள். பொடி போட்ட நாற்பது செட்டிலும் காது பதினான்கு மாதமாகப் பச்சையாகவே இருந்தது. ஐயாயிரம் உயிர்கள் அடைந்து கிடக்கிற இடத்தில் ஒரு தும்மல்கூட இல்லை என்றால் அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் சரியில்லை என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பாதுகாப்பு அறிக்கையில் நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் திங்கட்கிழமை நான்கு மாவட்டங்களில் இரண்டாயிரம் செட்டுக்குப் பொடி போகும். காலையிலிருந்து இரண்டு முறை பேனாவை எடுத்து மூடி வைத்தேன். மூன்றாவது முறை எழுந்து இயக்குநர் விஸ்வேஸ்வரன் அறைக்குப் போனேன். நல்லா இருக்கிற கோழிகளின் தொண்டையிலும் குச்சி விட்டுக் கிருமிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், மூன்று நாள் தாருங்கள் என்றேன்.

அவர் விதியைச் சொன்னார். நோய்ப்பட்ட கோழி இருந்தால் சோதனை. செத்த கோழியை அறுத்துப் பார்த்து, உறுப்பில் கேடு தெரிந்தால் சோதனை. வெயிலில் செத்த ஒன்றிரண்டையும் நாங்கள் அறுத்துப் பார்த்திருந்தோம், குடலும் நுரையீரலும் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தன. அப்புறம் எதற்குச் சோதனை என்றார்.

"நோய் வராம இருக்கிறது வேற சார். நோய் வந்தும் காட்டிக்காம இருக்கிறது வேற."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க டாக்டர்."

"வீட்டுக்குத் திருடன் வர்றான்னு வைங்க. கதவைப் பூட்டி வெளிய நிறுத்தறது ஒரு வழி. உள்ள விட்டு, சோறு போட்டு, சண்டை போடாம அவனோட குடித்தனம் நடத்தறது இன்னொரு வழி. ரெண்டு வீட்லயும் சத்தமே கேக்காது. நம்ம காது சத்தத்தை மட்டும்தான் கேக்குது."

"ரெண்டு வீட்லயும் கோழி ரெண்டேகால் கிலோ வருதில்ல?"

"வருது சார். ஆனா ரெண்டாவது வீட்ல இருக்கிற திருடன் பக்கத்து வீட்டுக்குப் போவான். பக்கத்து வீட்டுக்காரன் பொடி தின்னவன் இல்ல."

அவர் சிரித்தார். பதினான்கு மாதத்தில் எந்தப் பக்கத்து வீட்டில் என்ன ஆயிற்று, ஒன்றைக் காட்டுங்கள் என்றார். காட்ட என்னிடம் இல்லை. பொடி தின்ற கோழிகளையும் தின்னாத கோழிகளையும் ஒப்பிட்டுத்தான் பார்த்திருந்தோம். ஆனால் இரண்டும் கலந்துவிடக் கூடாது என்று தின்னாதவற்றை இருபது கிலோமீட்டர் தள்ளி வைத்திருந்தோம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எங்கள் திட்டத்திலேயே இல்லை. அந்தத் திட்டத்தை எழுதியவளும் நான்தான்.

வெளியே வரும்போது என் கணவர் பிரணவ் போனில் கூப்பிட்டார். எங்கள் மகள் மித்ராவுக்குப் பத்து நாளாக விடாத சளி, இன்றைக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் அழைத்துவந்தாயிற்று என்றார். பருவம் மாறுகிறது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். முந்தின நாள் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது என் தோளில் மூக்கைத் துடைத்துவிட்டு, "உனக்கு மட்டும் ஏம்மா சளியே பிடிக்கல?" என்று கேட்டாள். அம்மா டாக்டர் இல்லையா என்று பெருமை அடித்துக்கொண்டேன். சாயங்காலம் சீக்கிரம் வருகிறேன் என்று பிரணவிடம் சொல்லிவிட்டு, சோதனைக் குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு, யாரையும் கேட்காமல் வண்டியை எடுத்தேன்.

பூபதியின் பண்ணை உடுமலை சாலையில், ஊரைத் தாண்டி ஒரு கிலோமீட்டர். பொடியை முதன்முதலில் போட ஒத்துக்கொண்டவர் அவர். ஐம்பது வயது இருக்கும். வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். ஒரு செட், அதிலிருந்து முப்பது அடியில் வீடு. நான் போனபோது அந்த பேட்ச் குஞ்சுகளை விட்டு முப்பத்தொன்றாம் நாள். தேங்காய் நார் மஞ்சி பரப்பிய தரையில் கோழிகள் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தன. கூரையில் காது பச்சையாக எரிந்தது.

இருபது கோழிகளைப் பிடித்துக் குச்சி விட்டேன். பூபதி ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தார். நோவு ஏதாவது வந்துவிட்டதா என்று இரண்டு முறை கேட்டார். மறைக்க எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கோழிகளிடமிருந்து மற்றதுக்கு ஏதாவது தொற்றுகிறதா என்று தெரியவில்லை, தெரியாமல் கையெழுத்துப் போடப் பயமாக இருக்கிறது என்றேன். அவர் கையில் இருந்த கோழியைக் கீழே விட்டார்.

"மேடம், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே."

வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனார். மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் ஒரு பஞ்சாரம் கவிழ்ந்திருந்தது. அந்த மூங்கில் கூடையைத் தூக்கினார். உள்ளே செவலையும் கறுப்புமாக ஒரு நாட்டுச் சேவல் நின்றது.

எனக்குக் கோபம் வந்தது. பண்ணை வளாகத்தில் வேறு ஒரு பறவையும் இருக்கக் கூடாது என்பது ஒப்பந்தத்தில் முதல் வரி. தெரிந்தால் அடுத்த பேட்ச்சுக்குக் குஞ்சு வராது. இது அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் காட்டினார்.

"கருப்பராயனுக்கு நேந்து உட்ட சாவலுங்க. இதைய விக்கவும் கூடாது, யாருக்கும் குடுக்கவும் கூடாது. எங்கீங்க கொண்டு போவேன்?"

கதையைச் சொன்னார். பொடி வருவதற்கு முந்தின மார்கழியில் செட்டின் கூரைத் தகடு மாற்ற ஏறி, அங்கிருந்து விழுந்துவிட்டார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் ஒரு மாதம் படுக்கை. அவர் எழுந்து நடந்தால் சேவல் தருவதாக அவர் மனைவி கோகிலா வேண்டிக்கொண்டாள். தை மாதம் சேவலை நேர்ந்து விட்டாள், மாசியில் அவர் எழுந்து நின்றார். கோயிலில் மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் நோம்பித் திருவிழா. அதுவரை சேவலை வளர்த்தாக வேண்டும். சாமிக்கென்று விட்டதுக்குக் கம்பெனித் தீவனம் ஆகாது என்று கம்பும் சோளமும்தான் போடுகிறார்கள்.

"அப்ப இது பொடியே தின்னதில்லையா?" என்றேன்.

"ஒரு துளி தின்னதில்லீங்க. செட்டுப் பக்கத்துலயேதான் இருக்குது. எப்படி நிக்குது பாருங்க. அதுக்குத்தானுங்க காட்டுனேன். உங்க கோழி மத்ததுக்கு ஒண்ணும் பண்ணாதுங்க."

இயக்குநர் காட்டச் சொன்ன பக்கத்து வீடு இதுதான். பொடி தின்னாத ஒரு சேவல், பொடி தின்ற ஐயாயிரம் கோழிகளிலிருந்து முப்பது அடியில், பதினான்கு மாதமாக உயிரோடு, கொண்டை சிவக்க நிற்கிறது. எந்த ஆராய்ச்சிக்கூடமும் இதைவிட நல்ல சாட்சி தர முடியாது. தன் ஒப்பந்தம் போனாலும் போகட்டும் என்று அதை எனக்குக் காட்டிய மனுசனைக் கும்பிடலாம் போலிருந்தது. கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்று விஸ்வேஸ்வரனிடம் சொல்ல அங்கேயே போனை எடுத்தேன்.

சேவல் தரையைக் கிளறியது. அப்போதுதான் அதன் காலைப் பார்த்தேன்.

சேவலின் வயதை அதன் கொண்டை சொல்லாது, காலின் பின்பக்கம் இருக்கும் முள் சொல்லும். வருடத்துக்கு வருடம் வளர்ந்துகொண்டே போகும். இரண்டு வயதுச் சேவலின் முள் ஒரு அங்குலத்துக்குக் குறையாது. இதன் காலில் இருந்தது சட்டைப் பொத்தான் அளவு ஒரு புடைப்பு.

"பூபதி, நேந்து விடறப்ப இது எவ்வளவு பெருசுங்க?"

"அப்பவே நல்ல பெரிய சாவலுங்க. கூவுனா ஊருக்கே கேக்கும்."

"முள்ளைப் பாருங்க."

குனிந்து பார்த்தார். சேவல் வளர்த்த ஊர்க்காரர், நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் புடைப்பை விரலால் தடவிப் பார்த்தார். வீட்டுக்குள்ளிருந்து இருமல் கேட்டது. அது ஓய்ந்ததும், நிலையைப் பிடித்துக்கொண்டு கோகிலா வாசலுக்கு வந்தாள். கண்கள் இரண்டும் மிளகாய்ப் பொடி பட்ட மாதிரி சிவந்திருந்தன.

"அவரைத் திட்டாதீங்க மேடம். அவருக்குத் தெரியாது. அது நாலாவது சாவலுங்க."

உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். பொடி வந்து மூன்றாவது பேட்ச்சில் முதல் சேவல் கழுத்து முறுக்கிக்கொண்டு, பச்சையாகக் கழிந்து, இரண்டே நாளில் செத்தது. நேர்ந்த சேவல் செத்தால் வேண்டுதலும் செத்தது, அவர் கால் மறுபடி போய்விடும் என்று பயந்தாள். கணவர் பகல் முழுக்கச் செட்டுக்குள் இருப்பவர், சேவலுக்குத் தீனி வைப்பது இவள்தான். சந்தைக்குப் போய் அதே செவலை, அதே கறுப்பாகப் பார்த்து ஒன்றை வாங்கி வந்து பஞ்சாரத்தில் விட்டாள். அதுவும் செத்தது. இன்னொன்று வாங்கினாள். அதுவும் போனது. எல்லாம் பேட்ச் முப்பது நாள் தாண்டும்போதுதான். மூன்றையும் கிணற்று மேட்டில் புதைத்திருக்கிறாள். இப்போது நிற்பது வந்து இருபது நாள்.

"மடியில வெச்சுக் கரண்டில தண்ணி ஊத்துனனுங்க. பொழச்சுக்கோ சாமி, பொழச்சுக்கோன்னு கெஞ்சுனேன். மூணாவது சாவல் என்ற கையிலயேதான் போச்சுங்க."

பூபதி தரையில் உட்கார்ந்து வலது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு மனைவியைப் பார்த்து, இத்தனையையும் தனியாகவா சுமந்தாய் என்று மெதுவாகக் கேட்டார். அவள் அழுதாள். நான் எழுதாமல் விட்ட பரிசோதனையை இந்தப் பெண் தன் பயத்தினாலேயே ஒரு பிசகும் இல்லாமல் செய்து முடித்திருந்தாள். ஒன்று செத்ததும் நிறுத்தியிருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். மூன்று முறை செய்திருக்கிறாள்.

எத்தனை நாளாக உடம்பு சரியில்லை என்று கோகிலாவிடம் கேட்டேன். மூன்றாவது சேவலைப் புதைத்ததிலிருந்து காய்ச்சல் வந்து வந்து போகிறது, நான்கு நாளாக மூச்சு இழுக்கிறது என்றாள். கோழிக் கிருமி மனிதருக்கு ஒட்டுவது அபூர்வம். ஆனால் எங்கள் கோழிகளுக்குள் அது பதினான்கு மாதமாக யாரும் விரட்டாமல், பேட்ச்சுக்குப் பேட்ச் ஆள் மாறிக் குடியிருந்திருக்கிறது. அதற்குள் அது எதையெல்லாம் கற்றுக்கொண்டதோ எனக்குத் தெரியாது. பூபதி செட்டுக்குள்ளேயே கிடப்பவர். அவருக்குச் சளிகூட இல்லையா என்று கேட்டேன்.

"எனக்கு எங்கீங்க வருது? நாந்தான் தெனமும் தழைப்பொடி கசாயம் வெச்சுக் குடிக்கிறனே. நீங்க மேடையில திங்கறதைப் பாத்ததுல இருந்து குடிக்கிறனுங்க. எல்லாம் நம்ம தழைதானுங்களே."

"அவங்க குடிக்கலையா?"

"அவளுக்குக் கசப்பு ஆகாதுங்க."

அடுத்து நான் செய்ததெல்லாம் ஓட்டமும் நடையுமாகச் செய்தது. கோகிலாவை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். போனதும் முதல் வார்த்தையாக, கோழிப் பண்ணை வீடு, மூன்று சேவல் செத்திருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்றேன். வாயை மூடித் துணி கட்டிக்கொள்ளச் சொல்லி, அவருக்கும் கட்டிவிட்டேன். சேவலை என்ன செய்வது என்று பூபதி கேட்டார். யாரும் தொடாமல் மூடி வையுங்கள் என்றேன். பஞ்சாரத்தை அதன் மேல் கவிழ்த்தபோது சேவல் தலையை உதறிக்கொண்டு தும்மியது. பதினான்கு மாதத்தில் ஒரு கோழியிடம் நான் கேட்ட முதல் தும்மல் அது.

வண்டியில் ஏறி விஸ்வேஸ்வரனைப் போனில் கூப்பிட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு, மூணு நாட்டுச் சேவல் செத்ததுக்கு ரெண்டாயிரம் செட்டை நிறுத்தச் சொல்றீங்களா என்றார். ஆமாம் என்றேன். நீங்கள் போடாவிட்டால் வேறு டாக்டர் கையெழுத்துப் போடுவார் என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. என் வேலை அந்த நிமிடமே போய்விட்டது என்று புரிந்தது, அதற்கு வருத்தப்படவும் நேரமில்லை. மாவட்ட சுகாதார அலுவலரின் எண்ணைத் தேடிப் பிடித்தேன்.

அவர் ஒரு பெண். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. இந்த மாதம் காரணம் தெரியாத காய்ச்சல் என்று ஏழு பேரைப் பற்றித் தகவல் வந்திருக்கிறது, ஏழு பேரும் கோழிப் பண்ணை வீட்டு ஆட்கள், எல்லாரும் பெண்களும் பிள்ளைகளும், இதை எதோடு கோர்ப்பது என்று தெரியாமல் இருந்தேன் என்றார். திங்கட்கிழமை எதுவும் நடக்காது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"ஒரு பட்டியல் வேணும் டாக்டர். செட்டுக்குள்ள போறவங்க, பொடியும் குடிக்கிறவங்க. அவங்க உடம்புல ஒண்ணும் தெரியாது. ஆனா வீட்டுக்குக் கொண்டு போறவங்க அவங்கதான். உங்களுக்குத் தெரிஞ்ச பேரை முதல்ல சொல்லுங்க."

"பூபதி," என்றேன். அடுத்த பெயரைச் சொல்ல வாயெடுத்தேன்.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். வாரத்துக்கு நாலு நாள் செட். தினமும் காலையில் மோர். பதினான்கு மாதத்தில் எனக்கு ஒருமுறைகூட மூக்கு ஒழுகவில்லை, தும்மல் வரவில்லை. அதைப் பொடியின் மகிமை என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். மறுமுனையில் அந்த அம்மாள், லைனில் இருக்கிறீர்களா என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன். என் பெயரைச் சொன்னேன். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். மகளுக்கு, பத்து நாளாக, ஏழு வயது என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் அனுப்புகிறேன், நீங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் போகாதீர்கள் என்றார்.

வீட்டை அடையும்போது ஐந்து மணி. கேட்டைத் திறக்கவில்லை. பிரணவிடம் போனில் எல்லாம் சொல்லியிருந்தேன். அவர் வாய்க்குத் துணி கட்டிக்கொண்டு ஜன்னலில் நின்றார், அவர் தோளில் மித்ரா இருந்தாள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினாள். ஓடிப்போய் வாங்கிக்கொள்ளத் துடித்த கைகளால் கேட்டின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"உள்ள வாம்மா."

"ஆம்புலன்ஸ் வருது தங்கம். அப்பாவோட போய்ட்டு வா. அம்மா பின்னாலயே வர்றேன்."

"நீ தூக்கிக்கோ. உனக்குத்தான் சளி பிடிக்காதே."

"அம்மாவுக்கும் பிடிச்சிருக்கு சாமி," என்றேன். "வெளியதான் தெரியல."